யாருடைய தெரு?
வளைகுடாவில் திரையிடப்படாத ஒரு படமும் அதன் பார்வையாளர்களும்

திரையரங்கிற்கே வராத ஒரு படத்தின் பார்வையாளர்களைப் பற்றி எழுத முற்படுவது விநோதமாகத் தோன்றலாம். வளைகுடாவில் பல வருடங்களைக் கழித்துவிட்ட எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. இங்கே ஒரு படம் வரும், அல்லது வராமற் போகும். ஏன் வரவில்லை என்பதை எவரும் எமக்கு விளக்குவதில்லை. நாமும் கேட்பதில்லை. வேலைக்கு வந்தவன் வேலையைப் பார்க்கவேண்டும் என்பது இங்குள்ள எழுதாத சட்டம்.

2021 டிசெம்பரில் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' உலகின் பல நாடுகளில் வெளியாகியபோது, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், பஹ்ரெய்ன், ஓமான், குவைத் ஆகிய ஆறு நாடுகளிலும் அது திரையிடப்படவில்லை. சவூதியும் குவைத்தும் சான்றிதழே வழங்கவில்லை என்றும், ஏனைய நாடுகள் கோரிய வெட்டுகளுக்கு டிஸ்னி நிறுவனம் இணங்கவில்லை என்றும் ஹொலிவூட் செய்தி ஏடுகள் எழுதின. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சிறு பாத்திரம். எனிபொடிஸ் என்பது பெயர். பெண்ணென்று பிறர் சொல்ல, தன்னை ஆணாகவே உணர்கின்ற ஓர் இளைஞன். ஐரிஸ் மெனாஸ் என்ற கலைஞர் அப்பாத்திரத்தை ஏற்றிருந்தார்.

அதே மாதம் 19ஆம் திகதி, ஐக்கிய அரபு இராச்சியம் 21 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய வகுப்பொன்றை அறிவித்தது. இனிப் படங்கள் வெட்டப்படாமல் சர்வதேச வடிவிலேயே காட்டப்படும் என்றார்கள். ஆறு மாதம் கழித்து, 2022 ஜூனில், 'லைற்இயர்' என்ற சிறுவர் படத்துக்கு அதே நாட்டில் அனுமதி கிடைக்கவில்லை. இரு பெண்களின் முத்தம் அதற்குக் காரணம்.

ஐரோப்பாவிலிருந்து நண்பர்கள் சிலர் தொலைபேசியில் பேசியபோது, கருத்துச் சுதந்திரமற்ற பாலைவனத்தில் நான் வாழ்வதாக அனுதாபப்பட்டார்கள். நானும் தடையைக் கண்டித்தேன். இப்போதும் கண்டிக்கிறேன். ஆனால் படத்தைத் தடைசெய்தவர்களும் தடையைக் கண்டித்த நாங்களும் ஒரே பாத்திரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பதை, சார்ஜாவில் ஓர் அறையில் ஆறு பேருடன் அப்படத்தைப் பார்த்த பின்னர்தான் உணர்ந்தேன். அந்த அறையைப் பற்றி எழுதுமுன், படத்தின் பூர்வீகத்தைச் சொல்லவேண்டும்.

*

'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' முதலில் ஒரு மேடை இசை நாடகம். 1957 செப்டெம்பர் 26ஆம் திகதி நியூயோர்க் விண்டர் கார்டன் அரங்கில் மேடையேறி 732 தடவைகள் நிகழ்த்தப்பட்டது. லெனாட் பேர்ன்ஸ்ரைன் இசை, ஸ்ரீபன் சொண்ட்ஹைம் பாடல்கள், ஆதர் லோறன்ற்ஸ் நாடகப் பிரதி, ஜெறோம் றொபின்ஸ் நெறியாள்கையும் நடனமும். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியற்' கதையை நியூயோர்க் தெருச்சண்டைக்குக் கொண்டுவந்தார்கள். 1949இல் றொபின்சுக்குத் தோன்றிய முதல் எண்ணத்தில் மோதியவர்கள் கத்தோலிக்கரும் யூதரும். பின்னர் 1955 அளவில்தான் அது வெள்ளை இளைஞர்களின் 'ஜெற்ஸ்' கும்பலாகவும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் 'ஷார்க்ஸ்' கும்பலாகவும் மாறியது. அதாவது, இரு தரப்பினரின் பெயரையும் மாற்றிக்கொள்ளலாம். தெரு மட்டும் அப்படியே இருக்கும். இதனை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மேடையேறிய காலத்திலேயே எதிர்வினை தொடங்கிவிட்டது. போர்ட்டோ ரிக்கோவை நோய்களின் தீவாகச் சொன்ன ஒரு பாடல் வரிக்கு நியூயோர்க்கின் ஸ்பானிய மொழிப் பத்திரிகை வட்டாரத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. 1961இல் றொபேட் வைஸும் றொபின்ஸும் இயக்கிய திரைப்படத்தில் அப்பாடல் திருத்தி எழுதப்பட்டது. அப்படம் 10 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஆனால் மரியாவாக நடித்த நற்றலி வுட் ரஷ்யக் குடியேறிகளின் மகள். அவருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். பெர்னாடோவாக நடித்த ஜோர்ஜ் சக்கிறிஸ் கிரேக்க வம்சாவளி. உண்மையான போர்ட்டோ ரிக்கோப் பெண்ணான றீற்றா மொறேனோவுக்கும் முகத்தில் கருமை பூசினார்கள். ஒரு சமூகத்தைப் பற்றிய படத்தில் அச்சமூகமே வேடம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்பீல்பேர்க்கும் திரைக்கதை எழுதிய ரொனி குஷ்னரும் 60 வருட விமர்சனத்துக்கு விடை சொல்ல முயன்றார்கள். லத்தீன் வம்சாவளியினரையே ஷார்க்ஸ் பாத்திரங்களில் நடிக்கவைத்தார்கள். ஸ்பானிய உரையாடல்களுக்கு ஆங்கிலத்தில் உபதலைப்புப் போட மறுத்தார்கள். ஆங்கிலத்துக்குக் கூடுதல் அதிகாரம் கொடுக்க விரும்பவில்லை என்பது இயக்குநர் சொன்ன நியாயம். படத்தின் முதற்காட்சியே இடிபாடுகள்தான். லிங்கன் சென்ரர் கலையரங்குகளைக் கட்டுவதற்காக நகர நிர்வாகம் இடித்துத் தள்ளிய குடியிருப்பு அது. எந்தத் தெருவுக்காக இரண்டு கும்பல்களும் கத்தி தூக்குகின்றனவோ, அந்தத் தெருவே இன்னும் சில மாதங்களில் இருக்கப்போவதில்லை.

சுமார் 100 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்ட இப்படம் உலகெங்கும் 76 மில்லியன் அளவில்தான் ஈட்டியது. அனிற்றாவாக நடித்த அரியானா டிபோஸுக்கு 2022இல் ஒஸ்கார் கிடைத்தது. இதே பாத்திரத்துக்காக 1962இல் றீற்றா மொறேனோவும் அவ்விருதைப் பெற்றிருந்தார்.

*

ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் அரங்கியல் கற்பித்த நான் இன்று அலுமினிய யன்னல் சட்டங்கள் வெட்டும் தொழிற்சாலையில் வேலைசெய்கிறேன். 2022இல் எங்கள் அறையில் ஏழு பேர். விடுமுறையில் ஊருக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்த பிரதியை, ஒரு வெள்ளிக்கிழமை சமையல் முடிந்தபின் மடிக்கணினியில் போட்டோம். தடைசெய்யப்பட்ட படம் என்று நான் சொன்னதால்தான் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

முதல் எதிர்வினை சிரிப்பு. சண்டியர்கள் போல நடந்து வந்த இளைஞர்கள் திடீரென்று காலை உயர்த்திச் சுழன்றார்கள். "என்ன சார், ரவுடிங்க பரதநாட்டியம் ஆடுறாங்க?" என்றார் இராமநாதபுரத்துக்காரர். சுவிற்சர்லாந்து மலையில் கதாநாயகன் உடைமாற்றி உடைமாற்றிப் பாடினால் நாம் சிரிப்பதில்லை. இங்கே மட்டும் ஏன் சிரிக்கிறோம்? எமது சினிமாவில் பெரும்பாலும் பாட்டு வரும்போது கதை நின்றுவிடுகிறது. பார்வையாளர் அதற்குப் பழகிவிட்டார். மேடை இசை நாடகத்திலோ பாட்டுக்குள்ளேதான் கதை நகரும். சண்டையே ஆட்டம், ஆட்டமே சண்டை.

எனக்கு முன் இதனை விளங்கிக்கொண்டவர் மட்டக்களப்புத் தம்பி. "இது வரவு ஆட்டம்தானே சேர்? கூத்தில ஒவ்வொருத்தரா வந்து தான் ஆர் எண்டு ஆடிக் காட்டுறதுபோல" என்றார். வடமோடிக் கூத்தில் போர் ஆடப்படுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு நியூயோர்க் கும்பல்களின் ஆட்டம் அந்நியமாகத் தெரியவில்லை. உண்மையில் தமிழ்ப் பேசும்படமும் இசை நாடக மேடையிலிருந்துதான் இறங்கி வந்தது. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பவளக்கொடி', தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த நாடகம். அன்றைய சனம் பாட்டுக் கேட்கத்தான் கொட்டகைக்குப் போனது. அந்த மரபை நாம் மறந்துபோனோம். கூத்துக்காரர் மறக்கவில்லை.

மொழிப் பிரச்சினை வேறுவிதமாக இருந்தது. எங்கள் பிரதியில் எந்த உபதலைப்பும் இல்லை. அறையில் பலருக்கு ஆங்கிலம் பாதி விளங்கும், ஸ்பானிய மொழி அறவே விளங்காது. ஆனால் மேற்பார்வையாளரின் மலையாளம், முதலாளியின் அரபு, பக்கத்து அறையின் உருது என்று விளங்காத மொழிகளுக்கு நடுவில் முகத்தைப் பார்த்தே பொருளறியப் பழகியவர்கள் இவர்கள். மொழி விளங்கவில்லை என்று எவரும் எழுந்து போகவில்லை.

பின்னர் தேடல் தொடங்கியது. எந்தக் காட்சிக்காகத் தடை? பள்ளிக்கூட நடன மண்டபமா? மரியாவின் அறையா? கடைக்குள் ஜெற்ஸ் இளைஞர்கள் அனிற்றாவைப் பலாத்காரம் செய்ய முயல்கிறார்களே, அதுவா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். எனிபொடிஸை ஒருவரும் சொல்லவில்லை. நான் விளக்கியபோது மன்னார்க்காரர் கேட்டார்: "அந்தப் பெடியனா? அவனைத்தானே அவங்களே சேர்க்கேல்லை!" கும்பலில் சேர்க்கச் சொல்லிக் கதையின் பெரும்பகுதியிலும் வாசலில் நிற்கும் பாத்திரம் அது. கதைக்குள் கும்பல் இலகுவில் சேர்க்கவில்லை. கதைக்கு வெளியே ஆறு அரசுகள் சேர்க்கவில்லை.

இதில் எமக்குப் பெருமைப்பட எதுவும் இல்லை. அறையிலும் அவனைக் குறித்து ஆபாசமான பகிடிகள் வந்தன. நானும் சிரித்தேன். இத்தனைக்கும் எமது மேடையில் ஆண்கள் திரௌபதியாக விடியவிடிய ஆடினார்கள். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். 1941இல் 'சாவித்திரி'யில் நாரதர் வேடம் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு. வேடமாக இருக்கும்வரை ஏற்றுக்கொள்கிறோம். வாழ்க்கையாக வந்து நின்றால் கதவைச் சாத்துகிறோம். வளைகுடா அரசுகள் சட்டத்தால் செய்வதை எமது வீடுகள் சட்டமில்லாமலே செய்கின்றன.

*

அறையே அமைதியானது றீற்றா மொறேனோவின் பாட்டின்போது. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த அந்த நடிகை இப்படத்தில் கடை நடத்தும் முதியவளாக வருகிறார். எங்காவது எமக்கும் ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்கும் அப்பாடல், மேடையிலும் முந்திய படத்திலும் வேறு குரல்களுக்குரியதாக இருந்தது. இதில் தனித்துவிட்ட ஒரு கிழவியின் பாட்டாக மாறியிருக்கிறது. பத்துப்பேரில் ஒன்பது பேர் அளவில் வெளிநாட்டவர்களாக வாழும் ஒரு நாட்டில், வேலை முடிந்தால் விசாவும் முடிந்துவிடும் ஓர் அறையில், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

படம் முடிந்தது. சின்னதொரு தெருவுக்காக இப்படியா வெட்டிச் சாவது என்று யாரோ சொன்னார்கள். சிலர் தலையாட்டினார்கள். அப்போதுதான் அதுவரை பேசாதிருந்த ஒருவர் பேசினார். யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவர்.

"சேர், அந்த ஜெற்ஸ் பெடியள் சொன்னது எனக்கு நல்லா விளங்கினது. இங்கிலீஷ் தெரிஞ்சதால இல்லை. இது எங்கட இடம், நீ வெளிய போ எண்டதை நான் பத்து வயசில தமிழில கேட்டனான். இவங்கள் ஆளையாள் குத்தியாவது சாகிறாங்கள். எங்களிட்டக் கத்தியும் இருக்கேல்லை. ரெண்டு மணித்தியாலம்தான் இருந்தது."

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். இது புகலிட வாசகர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. இதுபற்றி எம்மிடையே கட்டுரைகள் எழுதியிருக்கிறோம், கூட்டங்களில் வருத்தம் தெரிவித்திருக்கிறோம். ஆனால் அன்று அந்த அறையில் எவரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போனேன்.

அன்று நான் ஏன் எழுந்து போனேன் என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். 1990இல் நான் பல்கலைக்கழக மாணவன். அவர்கள் விட்டுப்போன வீடுகளின் தளபாடங்கள் கடைகளில் மலிவாக விற்பனைக்கு வந்தன. எங்கள் வீட்டில் ஒரு மேசை வாங்கினார்கள். எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், எவரும் கேட்கவில்லை. அம்மேசையில் இருந்துதான் நான் படித்தேன். அந்தப் படிப்பினால்தான் விரிவுரையாளனானேன்.

ஒரு படம் பார்வையாளரைக் கெடுத்துவிடும் என்று தடை செய்பவர்கள் நம்புகிறார்கள். படம் பார்வையாளரைத் திருத்திவிடும் என்று கலையை நேசிக்கும் நாங்கள் நம்புகிறோம். இரு சாராரும் பார்வையாளரை வெற்றுத் தாளாகவே கருதுகிறார்கள். அந்த அறையில் நான் கண்டது வேறு. ஒவ்வொருவரும் தான் எந்தத் தெருவிலிருந்து வந்தாரோ அந்தத் தெருவைத்தான் திரையில் பார்த்தார். எனிபொடிஸ் போன்ற ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால், எங்கள் சிரிப்பைக் கேட்டு அவரும் வாய் திறக்காமல்தான் இருந்திருப்பார்.

போர்ட்டோ ரிக்கோக்காரரின் 60 வருட விமர்சனத்துக்கு ஹொலிவூட் அரைகுறையாகவாவது பதில் சொன்னது. எமது தெருவைப் பற்றிச் சோனகத்தெருக்காரர் ஒருவர் நாடகமோ படமோ எடுத்தால், எமது மண்டபங்களில் அதைத் திரையிடுவோமா? எந்தக் காட்சியை வெட்டச் சொல்வோம்? வளைகுடாத் தணிக்கையைக் கண்டிக்கும் நண்பர்கள் இக்கேள்விக்கும் பதில் எழுதவேண்டும்.

அந்தத் தம்பி இப்போது புத்தளத்துக்குத் திரும்பிவிட்டார். மேசையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இக்கட்டுரை அச்சில் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி அனுப்புவதாக இருக்கிறேன்.