தீர்ப்புச் சொல்வது யார்?

கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், மாதா வணக்கம், சுரூபங்கள், பாப்பரசர், பாவசங்கீர்த்தனம் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் தவறில்லை. ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: விசுவாசத்தில் சர்ச்சை எழுந்தால் இறுதித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

1519 ஜூலையில் லைப்சிக் நகரில் மார்ட்டின் லூத்தரும் கத்தோலிக்க இறையியலாளர் யோகான் எக்கும் மோதிய விவாதத்தைப் பாருங்கள். இறந்தோரின் ஆன்மாக்கள் தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு எக் காட்டிய ஆதாரம், மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். போரில் மாண்ட வீரர்களின் பாவத்துக்குப் பரிகாரப் பலி செலுத்த, யூதத் தலைவர் யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மாக்களைத் திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார் என்கிறது அது. லூத்தர் அப்போது உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கவில்லை. அந்த நூல் எபிரேய வேதத்தில் இல்லாததால் சான்றாகாது என்றார். திருச்சபைச் சங்கங்களும் தவறக்கூடும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதும் அதே மேடையில்தான். 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரென்ட் சங்கம் பதில் சொன்னது: மக்கபேயர் நூல்களும் வேதமே, அப்போஸ்தலர் வழிவந்த மரபுக்கும் வேதத்துக்கு இணையான மதிப்பு உண்டு. இன்று கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபையாரிடம் 66.

அடிப்படைப் பிளவு மீட்பைப் பற்றியதல்லவா, விசுவாசம் மட்டும் போதுமா, நற்செயல்களும் வேண்டுமா என்பதல்லவா என்று கேட்கலாம். 16ஆம் நூற்றாண்டில் சண்டை உக்கிரமாக நடந்தது அதில்தான். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் வத்திக்கானும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, அந்தக் கோட்பாட்டின் அடிப்படை உண்மைகளில் உடன்பாடு கண்டது. அதன் பிறகும் இரு சபைகளும் ஒரே பீடத்தில் நற்கருணையைப் பகிர்ந்துகொள்ளவில்லை. குருத்துவம், பாப்பரசர், போதிக்கும் அதிகாரம் ஆகியவை தீராமல் நிற்கின்றன.

வேதம் மட்டுமே போதும் என்றால் ஆளுக்கொரு விளக்கம் வராதா என்பது கத்தோலிக்கரின் ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு: 1529இல் மார்பர்க்கில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் 15 அம்சங்களில் 14இல் ஒத்துப்போய், நற்கருணையில் பிரிந்தார்கள். இருவர் கையிலும் இருந்தது அதே வேதம். திருச்சபையே தீர்ப்புச் சொன்னால் அதைத் திருத்துவது யார் என்பது எதிர்க்கேள்வி. அதிலும் நியாயம் உண்டு: மாதாவின் விண்ணேற்பை 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார், நேரடியாக அதைச் சொல்லும் வசனம் வேதத்தில் இல்லை. ஒற்றுமைக்கு ஒரு தரப்பும், திருத்தும் உரிமைக்கு மறு தரப்பும் முதலிடம் தந்தன. இரண்டுக்கும் விலை உண்டு.

இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்த தமிழ்த் திருவிவிலியத்திலும் மக்கபேயர் நூல்கள், ‘இணைத் திருமுறை’ என்ற தனிப் பகுதியில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.