1952 சென்னை மாநில அமைச்சரவையும் காமன்வீல் கட்சியும்: வயதுவந்தோர் வாக்குரிமைக்குப் பிந்தைய முதல் கூட்டணி ஆட்சி

முன்னுரை

தமிழகத்தில் தேர்தல் கூட்டணிகள் வலுவாக இருந்தபோதிலும் கூட்டணி அமைச்சரவைகள் அரிதாகவே அமைந்துள்ளன. இதற்கான வேர்களுள் ஒன்றை, அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் நிகழ்ந்த முதல் தேர்தலிலேயே காணலாம். 1952-இல் இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் செங்கற்பட்டு, வடஆர்க்காடு மாவட்டங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த காமன்வீல் கட்சி வகித்த இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்தல் முடிவுகள்

1946 தேர்தலில் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளை உடையோரே வாக்களித்தனர். 1952-இல் 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்குரிமை பெற்றனர். சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களுள் பெரும்பான்மைக்கு 188 தேவை. காங்கிரசு 152 இடங்களையே பெற்றது; முதலமைச்சர் குமாரசாமி ராஜாவும் தோல்வியுற்றார். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களையும், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35 இடங்களையும் வென்றன.

வன்னியர் சமூகத்தாரின் ஆதரவைத் தளமாகக் கொண்ட இரு புதிய கட்சிகளும் இத்தேர்தலில் வெற்றி கண்டன. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. இன்றைய நாவலூர், திருப்போரூர், மாமல்லபுரம் ஆகியவை அடங்கிய கடற்கரைப் பகுதி அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும்.

ஆட்சி அமைந்த முறை

தேர்தலுக்குப்பின் த. பிரகாசம் தலைமையில் உருவான ஐக்கிய முன்னணி, காங்கிரசைவிடக் கூடுதலான உறுப்பினர்களின் ஆதரவு தனக்கு உண்டு எனக் கூறி ஆட்சியமைக்க உரிமை கோரியது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தனிப்பெருங்கட்சியின் தலைவர் என்ற அடிப்படையில் இராஜாஜியை அழைத்தார். தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி, ஆளுநரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி, 1952 ஏப்ரல் 10-இல் பதவியேற்றார். இந்நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. இராமமூர்த்தி தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அழைப்பையும் நியமனத்தையும் பிரித்து நோக்குதல் வேண்டும். தேர்தலுக்கு முன் அமைந்த கூட்டணிக்கு அடுத்து, பிறர் ஆதரவுடன் உரிமை கோரும் தனிப்பெருங்கட்சியை அழைக்கலாம் என்பது சர்க்காரியா ஆணையம் 1988-இல் பரிந்துரைத்த வரிசை. அவ்வரிசைப்படி ஆளுநரின் அழைப்பை ஏற்கவியலும். மக்களைச் சந்திக்காத ஒருவரை நியமனத்தின் வழி முதலமைச்சராக்கியது குறித்த வினா அதனால் தீர்ந்துவிடவில்லை.

உடன்பாடும் உட்கரைதலும்

மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவையில் நிலவருவாய்த் துறையை ஏற்றார். காமன்வீல் கட்சியின் ஆறு உறுப்பினர்களால் மட்டும் பெரும்பான்மை கிட்டாது. எனினும் அவர்களது வருகை, பிற சிறு கட்சியினருக்கும் சுயேச்சைகளுக்கும் வழிகாட்டியது. ஜூலையில் நடைபெற்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 200 வாக்குகளைப் பெற்றது. எதிராக 151 வாக்குகள் பதிவாயின.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபோது மாணிக்கவேலரும் படையாட்சியாரும் அவரது எண்மர் அமைச்சரவையில் இடம்பெற்றனர். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. ஆந்திரம் பிரிந்து, மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபின் நிகழ்ந்த 1957 தேர்தலில் காங்கிரசு 205-இல் 151 இடங்களை வென்று தனித்து ஆட்சியமைத்தது.

கூட்டணி என்பது தனித்தன்மை உடைய கட்சிகள் தம் அடையாளத்தை இழக்காமல் அதிகாரத்தைப் பகிர்வதாகும். இங்குக் காமன்வீல் கட்சியின் தலைமை அமைச்சரவையில் நிலைபெற்றது, கட்சி மறைந்தது. காங்கிரசுக்கு மாற்றாக அக்கட்சிக்கு வாக்களித்தோர் அமைச்சர் ஒருவரைப் பெற்றனர். ஆனால் அடுத்த தேர்தலில் அவரது செயற்பாட்டைத் தனித்து மதிப்பிடத்தக்க கட்சியை இழந்தனர். அதுகாறும் அதிகாரம் எட்டாதிருந்த சமூகத்தாருக்கு அமைச்சரவையில் இடம் கிடைத்ததை மறுப்பதற்கில்லை. அப்பயன் கட்சியின் உரிமையாக அன்றி, ஆளுங்கட்சியின் அரவணைப்பாகவே கிட்டியது.

முடிவுரை

2006-இல் தி.மு.க. 234 இடங்களுள் 96 மட்டுமே பெற்றபோதும், 34 இடங்களை வென்ற காங்கிரசு அமைச்சரவையில் பங்கேற்காமல் ஆதரவளித்தது. 1952-இல் சிறு கட்சி உள்ளே சென்று கரைந்தது. 2006-இல் துணைக்கட்சி வெளியே நின்று தாங்கியது. இரண்டிலும் ஆட்சிப் பொறுப்பைக் கட்சிகள் சமநிலையில் பகிர்ந்துகொள்ளும் மரபு உருவாகவில்லை. அம்மரபின் இன்மையைப் புரிந்துகொள்ள, செங்கற்பட்டுப் பகுதி ஆதரித்த சிறு கட்சியொன்றின் வரலாறு தொடக்கப் புள்ளியாக அமைகிறது.