பாதி விலை டேப்லெட்டுக்கு யார் பொறுப்பு?

சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ கோலா கெடாவிலோ பிள்ளைக்கு ஒரு டேப்லெட் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. கடைக்குப் போய் உத்தரவாதச் சீட்டோடு வாங்கலாம். ஷாப்பியிலோ லஸாடாவிலோ பாதி விலைக்கு வரவழைக்கலாம். புக்கிட் காயு ஹீத்தாமில் தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போய்வரும் தெரிந்தவர் யாரிடமாவது சொல்லிவைக்கலாம். மூன்று வழியிலும் வந்து சேர்வது பார்வைக்கு ஒரே மாதிரியான கருவிதான். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவை வேறு வேறு. முறையாக விற்பனைக்கு வந்த கருவியின் முதுகிலோ, பெட்டியிலோ, உள்ளே அமைப்புகள் பகுதியிலோ மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் லேபிள் இருக்கும். எம்சிஎம்சி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் அந்த ஆணையத்தின் லேபிளைச் சிலர் தரமுத்திரை என்று நம்புகிறார்கள். சிலர் அரசாங்கம் விலையை ஏற்ற வைத்திருக்கும் இன்னொரு வழி என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. கருவி நல்லதா கெட்டதா என்பது அந்த லேபிளின் கவலை அல்ல. அது வானலையைப் பகிர்ந்துகொள்ளும் எல்லாருக்கும் கொடுக்கப்படும் ஓர் உறுதிமொழி. அந்த உறுதிமொழிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறாரா என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் அதன் கீழ் 2000இல் வந்த தொழில்நுட்பத் தர விதிமுறைகளும் இதற்கு அடிப்படை. அலை உமிழும் எந்தத் தொடர்புக் கருவியும் சான்றிதழ் பெற்ற பிறகே சந்தைக்கு வரவேண்டும். ஆணையத்தின் சார்பில் சான்றிதழ் வழங்கும் வேலையை ஷா ஆலாமில் உள்ள சிரிம் நிறுவனத்தின் துணை நிறுவனமான சிரிம் கியூஏஎஸ் இன்டர்நேஷனல் பார்க்கிறது. பழைய தலைமுறைக்கு இது 'சிரிம் ஸ்டிக்கர்' என்றே பழகிப்போனதும் அதனால்தான். விண்ணப்பிப்பது இங்கே பதிவுபெற்ற நிறுவனமாக இருக்கவேண்டும் என்பதைக் கவனிக்கவேண்டும். ஷென்சென் தொழிற்சாலை நேரடியாக வந்து சான்றிதழ் வாங்கிப் போக முடியாது. நாளைக்கு ஏதாவது கோளாறு என்றால் கேள்வி கேட்க மலேசியாவுக்குள் ஒரு முகவரி வேண்டும்.

சோதனைக்கூடத்தில் நடப்பது சுவாரசியமானது. முதல் கேள்வி, கருவி தனக்கு ஒதுக்கிய அலைவரிசைக்குள் நிற்கிறதா என்பது. 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபை அனுப்பும் கருவி, கவனமில்லாமல் வடிவமைத்திருந்தால், அதன் இரட்டிப்பான 4.8இலும் மும்மடங்கான 7.2இலும் கசியும். சுவரெல்லாம் கரி கலந்த நுரைக் கூம்புகள் பதித்த, எதிரொலி இல்லாத அறையில் வைத்து இந்தக் கசிவை அளக்கிறார்கள். அடுத்தது உடல். அடிப்பாகம் தட்டையான ஒரு தொட்டியில், மனிதத் தசையின் மின்தன்மைக்கு ஈடாகக் கலக்கிய திரவத்தை ஊற்றுகிறார்கள். பழைய செய்முறைகளில் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும்தான் முக்கியச் சரக்கு. தொட்டியின் அடியில் டேப்லெட்டை ஒட்டவைத்து, முழு சக்தியில் அலை அனுப்பச் செய்ததும், ரோபோ கை ஒன்று மெல்லிய உணர்கோலைத் திரவத்துக்குள் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துகிறது. கைப்பேசிக்குத் தலை வடிவத் தொட்டியும் உண்டு. டேப்லெட் மடியில் கிடப்பது, அதனால் அதற்குத் தட்டையான தொட்டி. ஒரு கிலோ திசு எத்தனை வாட் உள்வாங்குகிறது என்பதே இங்கு வரும் விடை. சர்வதேச வழிகாட்டுதலின்படி தலைக்கும் உடலுக்கும் உச்சவரம்பு 10 கிராம் திசுவின் சராசரியில் கிலோவுக்கு 2 வாட். அமெரிக்காவும் இந்தியாவும் 1 கிராம் சராசரியில் 1.6 வாட் என்று வைத்திருக்கின்றன. அந்த 2 வாட் கூட, திசு சூடாகித் தீங்கு தொடங்கக்கூடிய அளவில் பத்தில் ஒரு பங்குதான். பல டேப்லெட்டுகளில் உடல் அருகே வந்ததும் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் உணரி உண்டு. எத்தனை மில்லிமீட்டரில் அது விழித்துக்கொள்கிறது என்பதையும் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ரேடியோ அலைகளை 2011இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 'ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற வகையில் சேர்த்ததைச் சொல்லி வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே வகையில்தான் இருக்கின்றன. அது சான்று போதவில்லை என்பதற்கான வகை, தீர்ப்பு அல்ல.

சரி, அமெரிக்காவின் எஃப்சிசி முத்திரையும் ஐரோப்பாவின் சிஇ முத்திரையும் இருக்கும்போது மறுபடியும் இங்கே எதற்கு இன்னொரு சான்றிதழ் என்று வியாபாரிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாதி பதில் இதுதான்: சோதனையை எப்போதும் மறுபடி செய்வதில்லை. அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு ஆய்வகங்களின் அறிக்கையை இங்கே ஏற்கிறார்கள். மீதிப் பாதி, ஒவ்வொரு நாடும் தன் அலைக்கற்றையை வேறு விதமாகப் பங்கிட்டிருக்கிறது என்பது. அமெரிக்காவில் டெக்ட் 6.0 எனப்படும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அங்கே அது சட்டப்படி சரி. மலேசியாவில் 1920 முதல் 1980 வரையிலான பகுதி, கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசுவதற்கு ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து அத்தை அன்பாகக் கொண்டுவந்த அந்தத் தொலைபேசி, அருகில் உள்ள கோபுரத்தின் காதை அடைத்துவிடும். ஏற்கெனவே சிக்னல் மெலிந்து கிடக்கும் தோட்டப்புறங்களில் இதன் விலை இன்னும் அதிகம். சிஇ முத்திரையோ, இவ்வகைக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்வது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்ற நிலையில் அது தனியாக எதையும் நிரூபிப்பதில்லை.

ஒரு டேப்லெட் அனுப்பும் சக்தி ஒரு வாட்டின் சிறு பின்னம்தானே, அது யாரை என்ன செய்துவிடும் என்பது அடுத்த வாதம். ஒன்று மட்டும் என்றால் ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலையத்துக்கான வானிலை ரேடாரில் விளக்கமுடியாத கோடுகள் விழுந்தன. அந்த ரேடார் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. தேடிப்போனபோது, வெளிப்புறங்களில் பொருத்திய 5 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா இணையக் கருவிகள் அகப்பட்டன. ரேடார் அலையை உணர்ந்ததும் ஒதுங்கிப்போகும் வசதியை அவற்றில் ஒழுங்காக இயங்கவிடவில்லை. அவை டேப்லெட்டுகள் அல்ல என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆனால் ஹாட்ஸ்பாட்டாக மாறும் இன்றைய டேப்லெட் அதே 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் உட்காருகிறது. எந்த நாட்டில் இருக்கிறோம், எந்த அலைவரிசையை விட்டு விலகவேண்டும் என்பது அதன் மென்பொருளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். கோலா கெடாவிலிருந்து கடலுக்குப் போகும் மீனவரும் லங்காவிப் படகில் ஏறும் பயணியும் புயல் எச்சரிக்கைக்கு ரேடாரைத்தான் நம்புகிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு லேபிளின் பலவீனத்தையும் சொல்லவேண்டும். ஆய்வகத்துக்குப் போவது ஒரு மாதிரி. விற்கப்படுவது லட்சம் பிரதிகள். நடுவே ஆண்டெனாவோ சிப்போ மலிவான ஒன்றாக மாறினால் சான்றிதழுக்குத் தெரியாது. பெரிய பெயர்களும் விதிவிலக்கல்ல. 2020இல் சந்தைக்கு வந்த ஐபோன் 12ஐ 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைக்கற்றை முகமை கடையிலிருந்து எடுத்துச் சோதித்தது. கை, கால்களுக்கான வரம்பு கிலோவுக்கு 4 வாட். அளந்தபோது வந்ததோ 5.74. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். ஆப்பிள் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றால் சரிசெய்தது. நான் மேலே சொன்ன 'ஆள்' இங்கேதான் முக்கியமாகிறார். பிரெஞ்சு முகமையால் ஆப்பிளைக் கூப்பிட்டுக் கேட்க முடிந்தது. பெயர் தெரியாத கிடங்கிலிருந்து பொட்டலமாக வரும் டேப்லெட்டில் அதே கோளாறு இருந்தால், அளந்து கண்டுபிடித்தாலும் யாரைக் கூப்பிடுவது?

எல்லாவற்றையும் விடக் கனமான ஆட்சேபம் ஏழ்மையிலிருந்து வருவது. கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து படிக்கச் சொன்னபோது, பீடோங்கிலும் பாடாங் செராயிலும் ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளுக்கு மலிவுக் கருவி ஆடம்பரமாக இருக்கவில்லை. விதியை இறுக்கினால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளாதா? அவசியமில்லை. சான்றிதழ்ச் செலவு ஒரு மாடலுக்கானது. ஆயிரக்கணக்கில் விற்கும் மாடலில் ஒரு கருவிக்கு விழும் பங்கு மிகச் சிறியது. சான்றில்லாத பொருள் மலிவாக இருப்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள்: உத்தரவாதம் இல்லை, பழுது பார்க்க ஆள் இல்லை, மென்பொருள் புதுப்பிப்பு வராது. உண்மையில் பிள்ளைக்கு உடனடி ஆபத்து ரேடியோ அலையில் இல்லை. கூட வரும் சார்ஜரில் இருக்கிறது. சுவரில் சொருகும் அந்த அடாப்டர் எம்சிஎம்சியின் எல்லைக்குள் வராது. அதற்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் தனியாக வேண்டும். டேப்லெட்டில் லேபிள் தேடுகிறவர்கள்கூட அடாப்டரைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் பார்க்கவேண்டிய பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காட்டினரான பி40 குடும்பங்களைச் சேர்ந்த 600,000 உயர்கல்வி மாணவர்களுக்கு டேப்லெட் தர 45 கோடி ரிங்கிட் ஒதுக்கினார்கள். மொத்தமாக வாங்கும் அரசால் சான்றிதழ் கேட்கவும், வந்திறங்கிய சரக்கில் நாலு பெட்டியைப் பிரித்துச் சோதிக்கவும் முடியும். பால்வெட்டு முடிந்து வந்து கைப்பேசியில் விலை பார்க்கும் அம்மாவிடம் போலி லேபிளைக் கண்டுபிடி என்பது நியாயமில்லை. மின்வணிகப் பரிவர்த்தனைக்கான பயனீட்டாளர் விதிமுறைகள் விற்பவரின் பெயரையும் பதிவெண்ணையும் காட்டவேண்டும் என்கின்றன. சான்றிதழ் எண்ணையும் காட்டவைத்து, அது செல்லுமா என்பதை விற்பனைத் தளமே ஆணையத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பொருளைப் பட்டியலில் ஏற்றட்டும். கணினிக்கு அது நொடி வேலை. பிரான்ஸ் செய்ததுபோல் கடையிலிருந்தும் இணையத்திலிருந்தும் வாங்கிச் சோதித்து, முடிவை மாடல் பெயரோடு மலாயில் மட்டுமின்றித் தமிழிலும் சீனத்திலும் ஆணையம் வெளியிடட்டும்.