"சேர், ஆர் முதல்?"

யாழ்ப்பாணம் நல்லூரில் குடியிருந்துகொண்டு வரலாறு படிப்பிப்பவனுக்குப் பின்னேரங்களில் ஓய்வு கிடையாது. பல்கலைக்கழகம் விட்டுத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் சைக்கிளை நிறுத்தினால், மரக்கறி வாங்கும் இடத்திலேயே யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

"சேர், நாங்கள் முதலோ, அவங்கள் முதலோ?"

இந்தத் தீவில் தமிழர் முதலா, சிங்களவர் முதலா என்று, கையில் கத்தரிக்காயோடு நின்று இரண்டாயிரம் ஆண்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். திருவிழா நாட்களில் கந்தசுவாமி கோயில் வீதியில் கச்சான் கொறித்தபடி கேட்பவர்களும் உண்டு. பதில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். என்னிடம் வேண்டுவது ஒரு கையெழுத்துத்தான்.

இந்த வழக்கு இங்கே பழையது. யாழ்ப்பாணத்தின் பண்டைய வரலாறு பற்றி முதலியார் இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் பெரிய நூலொன்று எழுதினார். நல்லூரில் வாழ்ந்த கத்தோலிக்கக் குருவானவர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' கொண்டுவந்தார். காலக்கணக்கில் இருவருக்கும் ஒத்துவரவில்லை. றெயில்வேயில் வேலை பார்த்துவிட்டுத் துறவியான ஞானப்பிரகாசர், யாழ்ப்பாணத்துச் சைவ அரசர்களின் ஆண்டுகளை உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்!

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது பேராசிரியர் கா. இந்திரபாலாவைத்தான். 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த கலாநிதிப் பட்ட ஆய்வு, இலங்கையில் பரவலான, நிலையான தமிழ்க் குடியேற்றங்களைப் பத்தாம் நூற்றாண்டை ஒட்டியே தொடக்கியது. கையில் இருந்த கல்வெட்டும் நூல்களும் அவ்வளவுதான் சொல்லின. தென்னிலங்கையில் அதைக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தில் முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள்.

பிறகு மண்ணைத் தோண்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றைத் திறந்தது. அங்கே கிடைத்த சிறு முத்திரையில் பெருங்கற்காலக் குறியீடுகளும் பிராமி எழுத்தும் மேலும் கீழுமாக இருந்தன. நல்லூரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். அந்தக் குழுவில் இந்திரபாலாவும் இருந்தார். 2005இல் அவர் எழுதிய நூல், தமது பழைய முடிவைக் கைவிட்டது. சிங்களவர், தமிழர் இருவரின் முன்னோரும் பெருமளவில் இந்தத் தீவின் ஒரே ஆதிக் குடிகளே, மொழிகள் பரவப் பரவ இரண்டு இனக்குழுக்களாக உருவானார்கள் என்றது. "ஆர் முதல்" என்ற கேள்வியே அங்கே கரைந்துபோகிறது. இதனால் இரண்டு பக்கத்தாருக்கும் முழுத் திருப்தி இல்லை. நாற்பது ஆண்டுக்குப் பிறகு தன் பட்டத்துக்கே எதிராக எழுத எத்தனை பேராசிரியர்கள் துணிவார்கள்? பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணும் எங்கள் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

அரசியல் அப்படித் திருத்திக்கொள்வதில்லை. கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென 2020 ஜூனில் அப்போதைய சனாதிபதி ஒரு செயலணி அமைத்தார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர்; தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் இல்லை. உடைந்த செங்கல்லைப் பார்க்க இராணுவ அனுபவம் எதற்கென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

எங்கள் பக்கமும் பாடம் கேட்ட பக்கமல்ல. உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலில் அரசையும் இந்தியப் படையையும் தமிழ் ஆயுத இயக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்தியவர்களுள் ஒருவர். 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது திருநெல்வேலியில் சுடப்பட்டார். வயது 35. அந்த நூல் அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது.

முதலாம் வருட வகுப்பில் நான் இந்திரபாலாவின் 1965ஐயும் 2005ஐயும் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்வேன். எந்தச் சான்று வந்ததால் எந்த வசனம் மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை ஒரு மாணவியின் தகப்பன் தேடி வந்தார்.

"பிள்ளைக்கு ஏன் சேர் பிழையானதையும் படிப்பிக்கிறியள்?"

இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தான் ஐயா என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப கடைசியா எழுதினதை மட்டும் படிப்பியுங்கோ. சோதினைக்கு அதுதானே வரும்?"