திருமண ஒளிப்படக்கலை

திருமண ஒளிப்படக்கலை என்பது திருமணத்தையும் அதனோடு தொடர்புடைய சடங்குகள், உறவினர் கூடுகை, விருந்து முதலியவற்றையும் படங்களாகப் பதிவு செய்யும் ஒளிப்படக்கலைப் பிரிவாகும். இது உருவப்படக் கலை, செய்திப் படக்கலை, பொருட்களை எடுக்கும் கலை ஆகிய மூன்றின் கூறுகளையும் ஒருங்கே கொண்டது. இத்தொழிலில் ஈடுபடுவோர் பலர் வேறு பிரிவுகளில் பயின்ற பின்னரே இதற்குள் வருகின்றனர். அவர்களுள் நிலத்தோற்ற ஒளிப்படக் கலைஞர்கள் எதிர்கொள்ளும் மாற்றம் பெரியது. மலை மறுநாளும் அதே இடத்தில் இருக்கும். தாலி கட்டும் கணம் திரும்ப வராது. இரு பிரிவுகளுக்கும் இடையிலான பெரும்பாலான வேறுபாடுகள் இதிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

தொடக்ககால ஒளிப்படக்கலை அசையாப் பொருட்களுக்கே ஏற்றதாக இருந்தது. ஒளி உணரும் பூச்சுகள் மெதுவாகச் செயற்பட்டமையால், கட்டடங்களும் மலைகளுமே தெளிவாகப் பதிந்தன. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856 இல் நியமிக்கப்பட்ட லின்னேயசு டிரைப், 1858 இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி 5 மீட்டருக்கும் கூடிய நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவரது படங்களில் மனிதர் அரிதாகவே காணப்படுகின்றனர்.

மனிதரைப் படமெடுப்பதில் இருந்த இடர்ப்பாட்டுக்கு 1858 சனவரியில் இலண்டனில் நடந்த அரச திருமணம் நல்ல எடுத்துக்காட்டாகும். விக்டோரியா அரசியின் மூத்த மகளுடைய திருமணத்தன்று, சடங்குக்கு முன் மணமகளும் பெற்றோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டனர். பதற்றத்தில் அரசி அசைந்துவிட்டதால் அவரது உருவம் மங்கலாகவே பதிந்தது. மணநாளின் மனநிலையே படத்தைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இது பழைய சான்று.

இந்தியாவில் கட்டடங்களிலிருந்து மனிதருக்கு மாறியவர்களுள் புகழ்பெற்றவர் லாலா தீன் தயாள் (1844–1905). இந்தூரில் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய இவர் 1874 ஆம் ஆண்டளவில் ஒளிப்படக்கலையைக் கற்றார். 1882 இல் லெபெல் கிரிபினுடன் பயணம் செய்து நடு இந்தியாவின் கோட்டைகளையும் கோயில்களையும் படமெடுத்தார். பின்னர் ஐதராபாத் நிசாமின் அரசவை ஒளிப்படக் கலைஞராகி, அரச குடும்பத்தினரையும் விழாக்களையும் பதிவு செய்தார். கோட்டைக்குத் தேவைப்படாத ஒன்று மனிதருக்குத் தேவைப்பட்டது. அது நம்பிக்கை. அந்நிய ஆடவர் முன் வர இயலாத பெண்களுக்காக 1892 இல் ஐதராபாத்தில் அவர் தனி நிலையம் ஒன்றைத் திறந்து, அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்ணிடம் ஒப்படைத்தார்.

தமிழ்நாட்டில் நெடுங்காலம் திருமணப் படம் என்பது, மணமக்கள் ஒளிப்பட நிலையத்துக்குச் சென்று, தீட்டப்பட்ட திரைச்சீலையின் முன் நின்று எடுத்துக்கொள்ளும் ஒரே படமாகவே இருந்தது. சுருள் படலமும் பிளாஷ் விளக்கும் பரவிய பின்னரே ஒளிப்படக்காரர் மணமேடைக்கு வந்தார். 120 வகைச் சுருளில் 12 சதுரப் படங்களும், 35 மில்லிமீட்டர் சுருளில் பொதுவாக 36 படங்களும் எடுக்கலாம். இதனால் ஒவ்வொரு படமும் எண்ணியே எடுக்கப்பட்டது. 1960 இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துசுத்தான் போட்டோ பிலிம்சு என்ற அரசு நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் படலங்களை உற்பத்தி செய்தது. அது பின்னாளில் மூடப்பட்டது. எண்ணிமக் காமெராக்கள் வந்த பின் படங்களின் எண்ணிக்கைக்கு இருந்த எல்லை நீங்கியது.

நிலத்தோற்றப் படத்திலிருந்து வேறுபாடுகள்

நிலத்தோற்றக் கலைஞர் ஒளிக்காகக் காத்திருப்பார். திருமணத்திலோ முகூர்த்த நேரம் முன்னரே குறிக்கப்பட்டுவிடுகிறது. அந்நேரத்தில் மண்டபத்தில் எந்த ஒளி இருக்கிறதோ அதையே பயன்படுத்தியாக வேண்டும்.

ஒளியளவில் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ளச் செஞ்சி வட்டாரத்திலுள்ள தளவானூர்க் குடைவரையை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த இக்கோயில் சத்துருமல்லேசுவரம் எனப்படுகிறது. இதன் முகப்பில் தூண்களின் மேல் மகர தோரணமும், இரு புறங்களிலும் வாயிற்காவலர் சிற்பங்களும் உள்ளன. இதன் உட்பகுதியைப் படமெடுப்பவர் காமெராவை முக்காலியில் பொருத்தி, ஐ.எஸ்.ஓ 100, வில்லைத் துளை எஃப்/11, திறப்பு நேரம் 2 நொடி என அமைப்பதாகக் கொள்வோம். கல் அசையாது, எனவே படம் தெளிவாக வரும். அதே அளவு ஒளியுள்ள மண்டபத்தில் மணமகனின் கை தாலியுடன் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், 2 நொடியில் கையின் உருவமே எஞ்சாது. நொடியில் 15 இல் ஒரு பங்கு நேரத்திலும் கை சுமார் 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 250 இல் ஒரு பங்கு நேரத்தில் நகர்வு 4 மில்லிமீட்டர் மட்டுமே.

2 நொடியை இவ்வாறு குறைப்பதற்குச் சுமார் 500 மடங்கு ஒளி ஈடு செய்யப்பட வேண்டும். துளையை எஃப்/11 இலிருந்து எஃப்/2.8 ஆக விரித்தால் 16 மடங்கும், ஐ.எஸ்.ஓ அளவை 100 இலிருந்து 3200 ஆக உயர்த்தினால் 32 மடங்கும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 512 மடங்காகும். இதற்கு ஈடாகப் படத்தில் புள்ளித்தன்மை கூடும்; தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். நிலத்தோற்றக் கலைஞர் தவிர்க்கப் பழகிய இவ்விரண்டையும் திருமணத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. சிறிது புள்ளியுள்ள படத்தை ஒரு குடும்பம் பாதுகாத்து வைக்கும். கை கலங்கிய தாலிகட்டுப் படத்தை எவ்விதத் திருத்தத்தாலும் மீட்க முடியாது.

அகன்ற கோண வில்லையும் கவனத்துக்குரியது. மலைத்தொடரை முழுமையாகக் காட்டும் அவ்வில்லை, குழுப்படத்தின் ஓரங்களில் நிற்போரின் முகங்களையும் தோள்களையும் அகட்டிக் காட்டும். எனவே குழுப்படங்களுக்குச் சற்று விலகி நின்று, நடுத்தர வில்லையைப் பயன்படுத்துவர். மூன்று வரிசையாக நிற்கும் குழுவுக்கு எஃப்/2.8 போதாது, பின்வரிசை மங்கிவிடும். அங்கு எஃப்/5.6 அல்லது எஃப்/8 உம், பிளாஷ் விளக்கும் தேவைப்படும்.

வெள்ளை வேட்டியும் சரிகையும் ஒளியளவியைத் தவறச் செய்கின்றன. சட்டத்தில் வெள்ளை மிகுந்திருந்தால் கருவி ஒளியைக் குறைத்துக் கணிக்கும். இதனால் முகங்கள் இருண்டுவிடும். முகத்தின் ஒளியை அடிப்படையாகக் கொண்டு அளவைத் திருத்துவதே முறையாகும். இருண்ட முகத்தைப் பின்னர் கணினியில் வெளுக்கச் செய்யும் வழக்கம், மணமக்களின் இயல்பான நிறத்தையே மாற்றிவிடுவதால் விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளது.

தமிழர் திருமணத்தில் முக்கிய தருணங்கள்

சடங்குகளின் வரிசை ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப வேறுபடும். எனவே முதன்முறையாகப் படமெடுப்பவர் அவ்வரிசையை முன்னரே கேட்டறிவது இன்றியமையாதது. பரவலாகக் காணப்படும் தருணங்கள் வருமாறு:

* பந்தக்கால் நடுதல், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு
* காப்புக் கட்டுதல், கன்னிகாதானம்
* தாலியைத் தட்டில் வைத்து அவையோரிடம் ஆசி பெறுதல்
* கெட்டிமேளம் ஒலிக்கத் தாலி கட்டுதல்
* மாலை மாற்றுதல், அம்மி மிதித்தல், மெட்டி அணிவித்தல், அருந்ததி பார்த்தல்
* வரவேற்பு, பந்தி

இவற்றுள் தாலி கட்டுதலே மிகவும் இக்கட்டானது. மூன்று முடிச்சுகளும் சில நொடிகளில் முடிந்துவிடும். அதே வேளையில் உறவினர் எழுந்து மேடையைச் சூழ்வர்; நாத்தனார் மணமகளின் பின்னால் நிற்பார்; அட்சதை எல்லாத் திசைகளிலிருந்தும் விழும்; ஓமப்புகை காட்சியை மறைக்கக்கூடும். கெட்டிமேளம் ஒலித்த பின் இடம் தேடுபவருக்கு முதுகுகள் மட்டுமே தெரியும். தட்டு அவையைச் சுற்றி வரும்போதே நிற்கும் இடத்தை உறுதி செய்துகொள்வது அனுபவசாலிகளின் வழக்கமாகும்.

சுயமரியாதைத் திருமணத்தில் முக்கிய தருணம் வேறாகும். 1967 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தின்படி, உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவித்தோ, மாலை அல்லது மோதிரம் மாற்றியோ, தாலி கட்டியோ மணம் செய்துகொள்ளலாம். இசுலாமியத் திருமணத்தில் ஒப்புதலும் பதிவேட்டில் கையொப்பமிடுதலும் முக்கியமானவை; பெண்கள் தனியே அமரும் இடத்தில் பெண் ஒளிப்படக்காரர் தேவைப்படுவார். கிறித்தவத் தேவாலயங்கள் சிலவற்றில் வழிபாட்டின்போது பிளாஷ் விளக்குக்கு அனுமதியில்லை. இலங்கைத் தமிழரிடையே பொன்னுருக்கலும், மணமகள் கூறைச்சேலை அணிந்து மணவறைக்கு வருவதும் தவறாது பதிவு செய்யப்படுவன.

உறவினரும் குழுப்படங்களும்

நிலத்தோற்றக் கலைஞர் புதிதாக எடுக்கும் திருமணப் படங்களில், அலங்காரமும் மண்டபமும் சிறப்பாக அமைந்திருக்க, உறவினர் சிலர் விடுபட்டுப்போவதுண்டு. இது சிறு குறையன்று. மாலையும் சீரும் கொண்டுவந்த தாய்மாமன் ஒரு படத்திலும் இல்லையென்றால் அது குடும்பத்தில் மனத்தாங்கலாகலாம். நடக்க இயலாத பாட்டிக்கு அதுவே கடைசிக் குடும்பப் படமாகவும் அமையலாம். ஆகவே எடுக்க வேண்டிய குழுக்களின் பட்டியலை முன்னரே பெற்று, இரு வீட்டாரிலும் உறவு முறை அறிந்த ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்வர். மேடையேற இயலாதவர்களை அவர்கள் அமர்ந்திருக்கும் இடத்திலேயே மணமக்களுடன் படமெடுப்பர்.

திருமணப் படத்துக்கு ஆவணப் பயனும் உண்டு. தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். அழைப்பிதழும் திருமணப் படமும் துணைச் சான்றுகளாகப் பயன்படுவதுண்டு.

வெளிப்புறப் படப்பிடிப்பு

திருமணத்துக்கு முன்னரோ பின்னரோ மணமக்களை இயற்கைச் சூழலில் படமெடுக்கும் வழக்கம் பெருகியுள்ளது. நிலத்தோற்றக் கலைஞரின் பயிற்சி நேரடியாகப் பயன்படுவது இங்கேதான். செஞ்சிக் கோட்டையின் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளும் கல்யாண மகாலும் இவ்வட்டாரத்தின் குறிப்பிடத்தக்க காட்சிகளாகும். கல்யாண மகாலின் பெயர் திருமணத்தைச் சுட்டினாலும், அது அரசகுலப் பெண்களின் இருப்பிடமாக இருந்ததாகக் கருதப்படுகிறது. செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் மராத்தியர் இராணுவ நிலத்தோற்றங்களுள் ஒன்றாக யுனெசுகோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோட்டையும் தளவானூர்க் குடைவரையும் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளவை. இத்தகைய இடங்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும் பறக்கும் காமெராவுக்கும் முன் அனுமதி பெறல் வேண்டும்.

கதிரவனின் இயக்கத்தை அறிந்தவருக்கு இடத்தேர்வு எளிதாகும். தளவானூர் ஏறத்தாழ வட அகலாங்கு 12 பாகையில் உள்ளது. குடைவரையின் முகப்போ தெற்கு நோக்கியது. முகூர்த்தங்கள் மிகுந்த தை மாதத்தில் நண்பகல் வெயில் முகப்பின் மேல் நேரடியாக விழும். அப்போது மணமக்களின் கண்கள் கூசும். ஏப்ரல் இறுதி முதல் ஆகத்து மூன்றாம் வாரம் வரை நண்பகல் கதிரவன் வடக்கே சாய்ந்திருப்பதால், அந்நேரத்தில் முகப்பு நிழலில் இருக்கும். எனவே வைகாசியில் வெட்டவெளி கடும் வெயிலாக இருப்பினும், முகப்பின் நிழலில் நிற்பவர் முகத்தில் தரையிலிருந்து தெறிக்கும் மென்மையான ஒளி படும்.

பாதுகாப்பும் உரிமையும்

இழந்த திருமணப் படங்களை மீண்டும் எடுக்க வழியில்லை. ஆகையால் இரண்டு காமெராக்கள், கூடுதல் மின்கலங்கள், ஒரே நேரத்தில் இரு நினைவக அட்டைகளில் பதிதல் ஆகியன அடிப்படைத் தேவைகளாகும். நிகழ்ச்சி முடிந்ததும் படங்களை வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வைத்த பின்னரே அட்டைகளை அழிப்பர்.

பதிப்புரிமையிலும் இரு துறைகள் வேறுபடுகின்றன. தானாகச் சென்று மலையைப் படமெடுக்கும் கலைஞரே அப்படத்தின் உரிமையாளர். ஆனால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 17 ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுக்கச் சொன்னவரே ஆவார். எனவே மணமக்களின் படங்களை ஒளிப்படக்காரர் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமாயின், எழுத்துமூல இசைவைப் பெறுவது தகும்.

பயிற்சி

புதியவர் ஒருவர் முதல் திருமணத்திலேயே தனிப்பொறுப்பு ஏற்பது ஏற்புடையதன்று. அனுபவமுள்ள ஒருவரிடம் துணை ஒளிப்படக்காரராகச் சில திருமணங்களில் பணியாற்றுவதே நல்ல தொடக்கமாகும். முதன்மைக் கலைஞர் மேடையைக் கவனிக்க, துணையாளர் சமையற்கூடம், நாதசுவரக் குழு, பந்தி, அவையில் இருப்போரின் முகங்கள் ஆகியவற்றை எடுக்கலாம். பொறுமை, ஒளியை நோக்கும் பழக்கம், பின்னணியை ஒழுங்கு செய்யும் கண் ஆகிய நிலத்தோற்றக் கலைஞரின் பண்புகள் இங்கும் பயன்படும். புதிதாகக் கற்க வேண்டியவை, மனிதரோடு பேசி அவர்களை இயல்பாக இருக்கச் செய்வதும், நல்ல ஒளி வராவிட்டாலும் உரிய கணத்தில் எடுத்துவிடுவதும் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஒளிப்படக்கலை
* தமிழர் திருமணம்
* செஞ்சிக் கோட்டை
* தளவானூர்