நாளொன்றுக்கு இரண்டு லிட்டர்: யாருடைய கணக்கு?

"தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று மருத்துவர் கூறியதைக் கேட்டுக்கொண்டு வாசல்வரை சென்றவர், திரும்பி வந்து, "எந்தத் தண்ணிய டாக்டர்?" என்று வினவுவதுண்டு. கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு போன்ற ஊர்களிலிருந்து வருவோரிடம் இக்கேள்வி இயல்பாகவே எழுகிறது. 1980களில் தொடங்கப்பட்ட இத்தொழிற்பேட்டைக்குக் கிழக்கே உப்பனாறு ஓடுகிறது. சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி, வேதிப்பொருள் ஆலைகளுக்கு நடுவே வாழும் குடும்பம் தன் குடத்து நீரை ஐயத்துடன் நோக்குவதில் வியப்பில்லை.

நம் நாட்டில் குடிநீர் எப்படி இருக்கவேண்டும் என்று வரையறுப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்னும் தரநிலை. 1983இல் முதலில் வெளியாகி, 1991இலும் 2012இலும் திருத்தியமைக்கப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேலும், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தலாகாது. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலி கிருமி ஒன்றேனும் தென்படலாகாது என்பன போன்ற வரம்புகளை அது விதிக்கிறது. இத்தகைய தரநிலையை உருவாக்கும்போதும் திருத்தும்போதும் அமைவனம் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது முறை. எந்தக் குடிமகனும் கருத்து அனுப்பலாம். எனினும் அந்தப் பக்கங்களைப் புரட்டுவோர் பெரும்பாலும் ஆய்வாளர்களும், ஆலைகளின் தொழில்நுட்ப அலுவலர்களுமே. நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அங்கே ஏன் பேசவேண்டும் என்பதையே இங்குச் சொல்ல விழைகிறோம்.

வரம்பு எண்கள் எவ்வாறு பிறக்கின்றன? பல வேதிப்பொருள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கொள்ளும் அடிப்படை, 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீரை வாழ்நாள் முழுவதும் அருந்துகிறார் என்பது. அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 33 மில்லிலிட்டர். நம் ஊர் வெயிலில் களையெடுக்கும் 45 கிலோ எடையுள்ள தாய் ஒருவர் ஐந்து லிட்டர் குடித்தால், அவர் உடலில் கிலோவுக்கு 111 மில்லிலிட்டர் சேர்கிறது. மூன்று மடங்குக்கும் மேல். புட்டிப்பால் அருந்தும் ஐந்து கிலோ குழந்தை முக்கால் லிட்டர் உட்கொண்டால், அது கிலோவுக்கு 150 மில்லிலிட்டர். வரம்புகளில் பாதுகாப்புக்கென ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது என்பது உண்மையே; ஆகவே அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் அந்த 'சராசரி மனிதர்' நம் வார்டில் படுத்திருப்பவர் அல்லர் என்பதை யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

எளியோரை முன்னிறுத்திக் கணக்கிட்டால் என்ன நிகழும் என்பதற்கு நைட்ரேட் சான்று. கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும் நோயைத் தடுப்பதே அதன் வரம்புக்கு அடிப்படை. ஐ.எஸ். 10500 இதற்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்து, தளர்வுக்கு இடமே தரவில்லை.

எண்ணைவிட முதன்மையானது பட்டியல். பட்டியலில் இல்லாத பொருளை வழக்கமான சோதனையில் எவரும் தேடுவதில்லை. 2004இல் சிப்காட் ஊர்களின் மக்களே வாளி போன்ற எளிய கருவியால் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியபோது, பென்சீன் முதலிய கரிமச் சேர்மங்கள் தெரியவந்தன. அது காற்றில் கண்டது. நீரில் உள்ளதென்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என வரம்பு கூறியிருக்க, 2012ஆம் ஆண்டு ஐ.எஸ். 10500 பட்டியலில் பென்சீனுக்குத் தனி வரம்பு இல்லை. வேதித் தொழிற்பேட்டைகளின் அருகே இத்தகைய பொருள்களையும் சோதிக்கவேண்டும் என்று கோர, அங்கு வாழ்வோரைவிடத் தகுதியுடையவர் யார்?

இவ்விடத்தில் ஒரு விளக்கம். 'சிப்காட் பகுதியில் புற்றுநோய் ஆபத்து 2000 மடங்கு' என்னும் செய்தியைக் கேட்டுக் கலங்கி வருவோர் பலர். தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வை ஒட்டி எழுந்த அந்த எண், காற்றிலுள்ள வேதிப்பொருள்களைக்கொண்டு கணித்த ஆபத்து மதிப்பீடு. நோயுற்றோரை எண்ணிய கணக்கன்று. அதனால் அதைப் புறந்தள்ளிவிடவும் கூடாது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூரைக் கடும் மாசுற்ற பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியதை நினைவில் கொள்வோம்.

கருத்து அனுப்புவோர் "நல்ல தண்ணீர் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், குழு அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடும். வரைவின் எந்தப் பிரிவு, என்ன மாற்றம், அதற்குக் காரணம் என்ன என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வீட்டில் யார், எந்த ஆதாரத்து நீரை, நாளொன்றுக்கு எவ்வளவு அருந்துகிறார் என்பதும் காரணமே. கூடவே இன்னொன்றும் கேட்கலாம்: ஐ.எஸ். 10500 குழாய்நீர் வழங்குவோரைச் சட்டப்படி கட்டாயப்படுத்துவதன்று. சோதனை முடிவைத் தெருவறிய ஒட்டவேண்டும் என்னும் கடமையேனும் அவர்களுக்கு இருக்கலாமே.

அதுவரை வீட்டில் செய்யத்தக்கவை சில. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஈயமும் போகா, நீர் வற்றுவதால் சற்றுச் செறிவடையவே செய்யும். ஆகவே நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரைக் காய்ச்சிக் குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள். ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர் காட்டும் டி.டி.எஸ். கருவி, நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை மட்டுமே மின்கடத்தும் தன்மையால் உணர்த்தும். ஈயமோ பென்சீனோ இருப்பதை அது அறியாது. (அக்கருவியின் எண்ணைக் காட்டியே இயந்திரங்கள் விற்கப்படுவது நமக்கு உடன்பாடன்று.) நீரின் அளவை மருத்துவர் குறைத்திருக்கும் சிறுநீரக நோயாளிகள், இக்கட்டுரையைக் காரணம் காட்டி அதனைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா.

நீரைச் சோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம். வேதிச் சோதனைக்குத் தூய கேனை அதே நீரால் இருமுறை அலசி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் நுண்ணுயிர் நீக்கிய புட்டியையே பயன்படுத்தி, குளிர்ச்சியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். எடுத்த நாள், இடம், ஆழ்துளைக் கிணறா குழாயா என்பதைப் புட்டியின்மேல் எழுதுங்கள். வரும் அறிக்கையின் ஒரு படியை மருத்துவக் கோப்பில் வைத்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள்; மற்றொன்றைத் தரநிலை வரைவு வெளியாகும் நாளுக்கென எடுத்துவையுங்கள்.