இறவாணத்தில் செருகிய நெருப்பு

மாலையில் கிள்ளானில் மழை பிடித்துக்கொண்டால் சமையலறையில் உப்பே கசியும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மூங்கிலை மூங்கிலால் தேய்த்து நெருப்பு உண்டாக்கப் பார்த்தேன். அரை மணி நேரம். புகை வந்தது, கரித்தூள் வந்தது, உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. நெருப்பு மட்டும் வரவில்லை.

முறையில் தப்பில்லை. இந்த வட்டாரத்துக் காடுகளில் பழகிய முறைதான். காய்ந்த மூங்கிலை இரண்டாகப் பிளக்கவேண்டும். ஒரு பிளாச்சின் முதுகில் குறுக்கே ஒரு வெட்டு. அது உள்பக்கம்வரை இறங்கிச் சின்னத் துளையாக வேண்டும். துளைக்கு அடியில் மூங்கில் தோலைச் சுரண்டியெடுத்த பஞ்சு. மற்றப் பிளாச்சின் விளிம்பை வெட்டில் பொருத்தி ரம்பம்போல் இழுத்தால், சூடான தூள் துளை வழியே பஞ்சில் கொட்டும். பூர்வகுடிகள் சிலர் காய்ந்த கட்டைக்கு அடியில் பிரம்பு நாரைக் கொடுத்து, இரு கையாலும் மாறிமாறி இழுத்தார்கள். ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிந்துவைத்திருக்கிறார்கள். பிரம்பு, மலாயில் ரோத்தான், என்றதும் நமக்கு வாத்தியார் கைதான் ஞாபகம் வரும். அதில் சூடு பிறக்கும் என்பது பள்ளியிலேயே தெரிந்ததுதான்.

இதில் முதலில் பற்றுவது தூள். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சூடு தேய்க்கும் இடத்திலேயே தேங்குகிறது. சுமார் 250 டிகிரி செல்சியஸில் தூள் கருகிக் கரியாகும். கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தானே மேலும் சூடேறும். தூள் குவிந்திருந்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும், சிதறினால் ஆறிவிடும். கையை நிறுத்திய பிறகும் குவியல் புகைந்துகொண்டே இருந்தால் கங்கு பிறந்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையது கையை எடுத்ததுமே அடங்கிவிட்டது.

கெடுத்தது ஈரம். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அதில் கிடக்கும் மரம், பார்வைக்குக் காய்ந்திருந்தாலும், தன் உலர் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் உலர்ந்த தூளை 30 டிகிரியிலிருந்து 250க்கு ஏற்றச் சுமார் 400 ஜூல் வேண்டும். அதற்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரை ஆவியாக்க இன்னொரு 400. நான் தேய்த்ததில் பாதி தண்ணீருக்கே போயிற்று.

புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியை வீட்டு இறவாணத்தில் செருகிய ஞெலிகோலுக்கு, அதாவது தீக்கடைகோலுக்கு, ஒப்பிடுகிறார். அடங்கியிருக்கவும் தெரியும், வெளிப்பட்டால் நெருப்பு என்பது அவர் சொல்லவந்தது. கொப்புளம் ஆறாத எனக்குக் கண்ணில் பட்டது அந்த இடம். கோலை ஏன் இறவாணத்தில் செருகினார்கள்? அங்கே மழை படாது. அடுப்புச் சூடும் புகையும் படும். அதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரத்தோடு மல்லுக்கட்டாத வழியும் இங்கே உண்டு: மலாய்க்காரர்களின் கோபேக் ஆப்பி. கோபேக் என்பது பல் போனவர்கள் வெற்றிலை பாக்கு இடிக்கும் குழலுரல். அதே ஜாடையில், ஒரு முனை அடைத்த குழல்; அதற்குள் இறுக்கமாக இறங்கும் தண்டு. தண்டின் நுனிக் குழியில், பனையின மரத்தில் எடுத்த ரபோக் என்னும் பஞ்சு. உள்ளங்கையால் ஒரே அடி. உள்ளே இருக்கும் காற்று திடீரென்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கினால் கணக்குப்படி 700 டிகிரியைத் தாண்டும். குழலின் சுவர் எடுத்துக்கொண்டதும் கசிந்ததும் போக மிஞ்சுவதே பஞ்சு பற்றப் போதும். கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுத்துப்போகும் டீசல் லாரியும் இப்படித்தான், காற்றை நெரித்தே எரிபொருளைப் பற்றவைக்கிறது.

என் பிளாச்சுகளை ஃபிரிட்ஜுக்குப் பின்னால், வெக்கை வரும் இடத்தில் செருகிவைத்தேன். மூன்றாம் வாரம் எடுத்து இழுத்தபோது தூள் காப்பித்தூள் நிறத்தைத் தாண்டிக் கறுத்தது. கையை நிறுத்தினேன். புகை நிற்கவில்லை. மெல்ல ஊதினால், மிளகளவு கங்கு! பொதிந்து ஊதத் தேங்காய் நாரை எடுக்க ஓடினேன். அதை முதல் நாள் வாசலிலேயே போட்டுவிட்டிருந்தேன். நார் புகைந்தது, என்னை இருமவைத்தது, அணைந்துபோனது.